வெள்ளிக்கிழமை கழுவிய வீடு

ஓகஸ்ட் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை பின்னேரம், நான் வேலையால் வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகள் ராகவி தன் அறைக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, இங்கிலாந்திலை நாங்கள் நிண்ட வீட்டுக்காரி உங்களுக்கு மெயில் போட்டிருக்கிறா. நீட்டுக்கு எழுதியிருக்கிறா."

ஏதோ கண்ணாடிச் சாமான் உடைந்துபோய்விட்டது, அதற்குக் கணக்குத் தீர்க்கச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைத்திருப்பேன். மகளைக் கதிரையால் எழுப்பிவிட்டுக் கணினிக்கு முன்னால் இருந்து வாசித்தேன். மிஸிஸ் விட்கொம்ப் என்ற அந்த மனுசி மிகவும் மரியாதையாக எழுதியிருந்தாள். வெள்ளைக்காரருக்கு மரியாதை கூடக்கூட எனக்குச் சந்தேகம் கூடும்.

"அன்புள்ள திரு. சோதிலிங்கம், இதைக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். பதினொரு வருடமாக இந்த வீட்டை விடுமுறைக்கு வருவோருக்கு விடுகிறேன். ஒருவரும் வீட்டை இந்த நிலையில் விட்டுப்போனது கிடையாது. குளியலறைத் தரையோடுகளின் இடுக்குகள் எல்லாம் வெளிறும்வரை குளோரின் போட்டுத் தேய்க்கப்பட்டிருக்கின்றன. கட்டில் விரிப்புகள் தோய்த்து, காயவைத்து, ஸ்திரி போட்டு மடிக்கப்பட்டிருக்கின்றன. முன்னறைக் கம்பளம் கழுவப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாலை வரை எல்லா யன்னல்களும் திறந்து கிடந்ததாகப் பக்கத்துக் காணிக்காரர் சொல்கிறார். அவர் ஓய்வுபெற்ற பொலிஸ் அதிகாரி. ஒரு வீட்டை இப்படிக் கழுவுவதற்கு ஒரேயொரு காரணம்தான் இருக்க முடியும் என்பது அவருடைய கருத்து. தன் பழைய சகாக்களிடம் அவர் பேசுவதற்கு முன் உங்களிடம் நேரே கேட்டுவிடலாம் என்று எண்ணினேன். நான் அறிந்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா?"

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாங்கள் ஒஸ்லோவில், ஹவுகெட்டோவில் இருக்கிற ஆட்கள். நோர்வேயில் விடுமுறைக்கு ஒரு குடிலை எடுத்தால், வெளிக்கிடும் நாள் அதைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் திறப்பைக் கொடுக்க வேண்டும். அதற்கு ஊத்வஸ்க் என்று பெயர். அடுப்பு, பிரிட்ஜ், கக்கூசு, தரை என்று குசினிக் கதவில் ஒரு பட்டியலே ஒட்டியிருக்கும். செய்யாமல் போனால் அடுத்தமுறை குடில் கிடைக்காது. என் வேலையிடத்துச் சங்கத்தின் குடிலுக்கு நாலு தரம் போய் நாலு தரமும் கழுவிவிட்டு வந்தவர்கள் நாங்கள். இங்கிலாந்தில் சனம் ஈரத் துவாயைக் குளியலறைத் தரையில் எறிந்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விடும் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இதை விளக்கி நாலு வரி எழுதிவிட்டால் சரி என்றுதான் எழும்பினேன். ஜக்கெற்றைக் கொழுவியில் கொழுவும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

என் மனைவி உதயகுமாரி ஒஸ்லோவில் ஒரு வைத்தியசாலையில் பதினாலு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறவள். சத்திரசிகிச்சை அறையைக்கூட அரை மணித்தியாலத்தில் முடிப்பாள். ஒரு சின்னக் கல் வீட்டைக் கழுவ அவளுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். அந்த வெள்ளிக்கிழமை நானும் பிள்ளைகளும் காலை ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டு, கிராமத்துக்குப் போய்த் தொள்ளாயிரம் வருடத்துத் தேவாலயத்தையும் பழைய சந்தை மண்டபத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது மாலை ஆறு மணி. தலையிடி என்று சொல்லி வராமல் நின்றவள் அப்போதும் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது. குளோரின் என்றாள். தலையிடிக்காரி எதற்காக ஒன்பது மணித்தியாலம் வீடு கழுவ வேண்டும்? வீட்டைக் கழுவினாலும் கம்பளத்தை யார் கழுவுவார்கள்?

அந்த வீட்டை எடுத்ததே அவளுடைய யோசனைதான். லண்டனுக்கு எத்தனை தரம் போயிருப்போம், ஒவ்வொரு முறையும் அவளின் தமையன் வீட்டில் பாய் விரித்துப் பதினைந்து பேரோடு படுத்து எழும்புவதுதான் எங்கள் விடுமுறை. இந்த முறை அவள், "ஒரு கிழமை ஒருத்தற்ரை கதையும் கேளாமல் இருக்கவேணும்" என்றாள். ராகவி இணையத்தில் தேடி எடுத்தாள். கிராமத்திலிருந்து ஒரு மைல் தள்ளி, சுற்றிவர ஆட்டுப்பட்டி, சத்தம் சந்தடி இல்லை. குனியாமல் போனால் கதவு நிலை தலையைப் பிளக்கும். அந்த அமைதியை முதல் நாளே நான் நம்பவில்லை. இப்போது, அந்த இடத்தை அவள் ஏன் கேட்டாள் என்பதையும் நம்ப முடியாமல் போய்விட்டது.

சந்தேகம் எனக்குத் தொழில் என்பதைச் சொல்லிவிட வேண்டும். நான் ட்ராமிலும் பஸ்ஸிலும் ரிக்கற் பரிசோதகர். ரிக்கற் இல்லாதவன் யன்னலுக்கு வெளியே பார்ப்பான் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் நினைப்பார்கள். அது பிழை. ரிக்கற் இல்லாதவன் உங்கள் கண்ணை நேரே பார்த்துச் சிரிப்பான். பதினொரு வருடத்தில் நான் கண்ட உண்மை அது. இன்னொன்று, சந்தேகப்படுகிற ஆளிடம் நேரே கேட்கக் கூடாது. கேட்டால் கதைதான் வரும். அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுக் கடைசியாகத்தான் ஆளிடம் போக வேண்டும்.

ஆனாலும் அன்று பொறுக்க முடியாமல் குசினிக்குப் போனேன். உதயா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கிலாந்து வீட்டுக் கம்பளத்தை ஏன் கழுவினனீர்?" என்றேன்.

கத்தி ஒரு கணம் நின்று பிறகு வெட்டியது. "ஊத்தையாக் கிடந்தது. ஏன் கேக்கிறியள்?"

"வீட்டுக்காரி மெயில் போட்டிருக்கிறா. வீடு நல்ல துப்பரவாம்."

அவள் நிமிர்ந்து என் கண்ணை நேரே பார்த்துச் சிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை மகன் நிலனை உதைபந்தாட்டப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு ஒன்பது வயது, பொய் சொல்ல இன்னும் பழகவில்லை. ரயிலில் ஒரு பக்கற் உருளைக்கிழங்குப் பொரியலை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா கேட்பதுபோல் தொடங்கினேன்.

"அந்த வீட்டிலை கடைசி வெள்ளிக்கிழமை அம்மா எங்களுக்கு என்ன சமைச்சவ?"

"புட்டு. கஞ்சியும் கிடந்தது, ஆனா அது எங்களுக்கில்லை."

"ஏன் இல்லை?"

"முடிஞ்சுது. ரெண்டு கிண்ணம் கழுவிக் கவிட்டிருந்தது. அம்மா தனிய ரெண்டு கிண்ணத்திலை குடிச்சவவோ எண்டு நான் கேட்டனான். பேசாமல் போய் முகத்தைக் கழுவு எண்டா." அவன் பொரியலைக் கடித்துக்கொண்டே, "அக்கான்ரை மழைக்கோட்டும் சப்பாத்தும் அங்கை விடுபட்டுப்போச்சு. அக்கா எவ்வளவு கத்தினவ, உங்களுக்குத் தெரியாதோ?" என்றான்.

எனக்குத் தெரியாது. குடிலுக்குக் கொண்டுபோன மிளகாய்த்தூளில் அரைக் கரண்டி மிஞ்சினாலும் பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொண்டுவருகிறவள் என் மனைவி. அவளுக்கா ஒரு மழைக்கோட்டும் ஒரு சோடிச் சப்பாத்தும் விடுபட்டுப்போகும்? அந்த வீட்டில் அன்றைக்கு இன்னொரு ஆள் இருந்திருக்கிறது. அவள் பக்கத்தில் இருந்து கஞ்சி குடித்திருக்கிறது.

என் புத்தி எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்கு முன்னால் உதயாவுக்குப் பேசிப் பொருத்தம் பார்த்து விட்டுப்போன ஒருவன், பிலேந்திரன் என்று பெயர், பேர்மிங்ஹாமில் இருக்கிறான். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அந்த வீட்டிலிருந்து காரில் ஒரு மணித்தியாலம். நெஞ்சு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பதினேழு வருடம் ஒரு கூரையின் கீழ் இருந்த மனுசியை எனக்குத் தெரியாதோ என்று ஒரு மனம் சொல்லியது. தெரிந்தால் ஏன் கம்பளத்தைக் கழுவினாள் என்று மற்ற மனம் கேட்டது. ராகவியின் சப்பாத்து முப்பத்தேழாம் நம்பர். பிலேந்திரனுக்கு அந்த அளவுக் காலோடு ஒரு மகள் இருக்கிறாளோ என்றுகூட யோசித்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அவளுடைய கைத்தொலைபேசியை எடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுத்தேன். கோயில் அன்ரி என்ற பெயரில் ஒரு நம்பர், ஒரு கிழமைக்குள் நாலு அழைப்பு. எங்கள் கோயில் அன்ரி ஒஸ்லோவிலேயே, அம்மரூட்டில் இருக்கிறா. இந்த நம்பர் இங்கிலாந்து நம்பர். உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பத்து மணி இடைவேளையில், ஓய்வறைத் தொலைபேசியிலிருந்து அடித்தேன். இரண்டாவது மணியடிப்பிலேயே எடுபட்டது.

"அக்கா? சொல்லுங்கோ அக்கா," என்றது ஒரு பெண் குரல். சின்ன வயதுக் குரல், தடிமன் பிடித்ததுபோல் அடைத்திருந்தது.

"ஆர் கதைக்கிறது?" என்றேன். வேலை உடுப்பில் இருந்தால் எனக்கு வேலைக் குரல்தான் வரும்.

தொடர்பு அறுந்தது. திரும்ப அடித்தேன், நிறுத்தி வைத்தாயிற்று.

பிலேந்திரன் இல்லை என்பதில் ஒரு ஆறுதல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறுதல் அரை மணித்தியாலம்தான் நின்றது. உதயாவுக்குத் தங்கச்சி கிடையாது. அப்படியென்றால் இந்த அக்கா எங்கிருந்து வந்தது? எனக்கு ஒளித்து என்ன நடக்கிறது? ஒரு மைலுக்கு ஆட்டையும் புல்லையும் தவிர ஒன்றும் இல்லாத இடத்துக்கு ஒரு தமிழ்ப் பெட்டை வழி தவறி வரமாட்டாள். அந்த வீட்டில் அவளுக்கு அலுவல் இருந்திருக்க வேண்டும். அலுவல் இருக்கிற ஆளிடம் திறப்பும் இருக்கும். இப்படி ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டு போனபோது எனக்கு என்னையே மெச்ச வேண்டும்போல் இருந்தது.

உதயாவிடம் கேட்டால் கதைதான் வரும். ஆகவே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கணினியில் மிஸிஸ் விட்கொம்புக்குப் பதில் எழுதினேன். யாழ்ப்பாணத்தில் படித்த ஆங்கிலம் என்னுடையது, கைண்ட்லி என்ற சொல் இல்லாமல் ஒரு வரி வராது. முதல் பந்தியில் ஊத்வஸ்க் என்றால் என்ன என்று விளக்கினேன். என் மனைவியின் தொழிலைச் சொல்லி, இரத்தக் கறை கழுவிய வீடு என்று நினைக்கிற அயலவருக்கு என் வணக்கத்தையும் தெரிவித்தேன். பிறகு இரண்டாம் பந்தி. "ஆயினும் அந்த வெள்ளிக்கிழமை என் மனைவி தனியாக இருக்கவில்லை என்று அறிகிறேன். தமிழ் பேசும் இளம்பெண் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவரிடம் திறப்பு இருந்திருக்கலாம். உங்கள் வீட்டுத் திறப்பு யார் யாரிடம் இருக்கிறது என்று கைண்ட்லி விசாரித்து எனக்கு அறியத் தரவும்."

திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்து அனுப்பினேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அன்று பின்னேரம் மனதுக்கு இதமாக வேலை செய்தேன்.

வியாழக்கிழமை பின்னேரம் ராகவி நிலனையும் கூட்டிக்கொண்டு நடன வகுப்புக்குப் போய்விட்டாள். நான் தேத்தண்ணிக்காகக் குசினிக்குள் போனால் உதயா மேசையில் இருந்தாள். முன்னால் அவளுடைய கைத்தொலைபேசி.

"இருங்கோ," என்றாள். இருந்தேன்.

"நீங்கள் அவளுக்கு அடிச்சனீங்களோ?"

"எவளுக்கு?"

"விளையாடாதேங்கோ. ஒரு ஆம்பிளை பொலிஸ்காரன் மாதிரிக் கதைச்சவராம். பெட்டை பயந்துபோய் ரெண்டு நாளாப் போனை நிப்பாட்டி வைச்சிருந்தவள். கொஞ்சம் முன்னம்தான் எடுத்தவள். நோர்வே நம்பர் எண்டு சொன்னவுடனை எனக்கு விளங்கிப்போச்சு."

"நீர் ஒளிச்சால் நான் தேடத்தானே செய்வன்? ஆரவள்? எனக்குத் தெரியாமல் ஆருக்குக் கஞ்சி காய்ச்சினனீர்?"

அவள் என்னைப் பார்த்தாள். இந்த முறை சிரிக்கவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினாள்.

அன்று நாங்கள் வெளிக்கிட்டு அரை மணித்தியாலத்தில் யாரோ வெளியிலிருந்து திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள். வாளியும் கையுமாக ஒரு பெட்டை. சனிக்கிழமை போகிற விருந்தினர் வெள்ளிக்கிழமையே போய்விட்டார்கள் என்று நாளை மாறி நினைத்துக்கொண்டு வீடு துடைக்க வந்திருக்கிறாள். உதயாவின் நெற்றியில் பொட்டைக் கண்டதும் வாளி கையிலிருந்து விழுந்துவிட்டதாம்.

"வெள்ளைக்காரியைக் கண்டிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்," என்றாள் உதயா. "தமிழாளைக் கண்டுதான் பயந்தவள். ஓடப் பார்த்தவள், ஏலேல்லை. காய்ச்சல், உடம்பு நெருப்பாக் கொதிச்சுது. கம்பளத்திலை அப்பிடியே விழுந்து சத்தியெடுத்துப்போட்டாள். அதுதான் கழுவினனான். வேறை என்ன நினைச்சனீங்கள்?"

பெட்டையின் பெயர் கம்சாயினி. இருபத்திரண்டு வயது, புதுக்குடியிருப்பு. அகதி வழக்கும் தோற்று, மேன்முறையீடும் தோற்று, குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று ஒன்றரை வருடமாகப் போகாமல் ஒளித்திருக்கிறாள். ஊரில் அப்போது சண்டை நடந்துகொண்டிருந்தது. வன்னிப் பிள்ளையைக் கொழும்பில் இறக்கினால் விமான நிலையத்திலேயே என்ன நடக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். லண்டனில் ஒரு தமிழ் வீட்டில் இருந்தபோது ஒரு வாய்த்தகராறில் எங்கள் ஆளொருவரே இவளைக் காட்டிக்கொடுக்கப் பார்த்திருக்கிறார். அங்கிருந்து தப்பி வந்தவளை அந்தக் கிராமத்து மிஸிஸ் பார்லோ என்ற மனுசி தன் வளவுக்குப் பின்னால் ஒரு அறையில் வைத்திருக்கிறாள். மிஸிஸ் பார்லோ விடுமுறை வீடுகளைத் துப்புரவு செய்கிறவள், முழங்கால் ஏலாது. அவளுடைய பெயரில் நாலு வீட்டையும் துடைப்பது கம்சாயினி. வீட்டுக்காரருக்கு இது தெரியாது.

"டொக்டரிட்டைப் போவம் எண்டு சொன்னதுக்கு என்ரை காலைப் பிடிச்சிட்டாள். நான் என்ன செய்ய? பனடோல் குடுத்து, கஞ்சி பருக்கி, எங்கடை கட்டிலிலை படுக்க வைச்சனான். பின்னேரம் வரைக்கும் நித்திரை. வேர்வையிலை விரிப்பெல்லாம் தோய்ஞ்சுபோச்சு, அதையும் தோய்ச்சனான். பிறகு யோசிச்சன், அடுத்த நாள் சனிக்கிழமை அவளுக்கு நாலு வீடு. எங்கடை வீட்டை நான் செய்துவிட்டால் மூண்டு வீடு. அவளின்ரை சப்பாத்தும் வெடிச்சுப்போய்க் கிடந்தது, ராகவியின்ரை சப்பாத்தையும் மழைக்கோட்டையும் குடுத்துவிட்டன்."

"அதுக்கு ஏன் ஓட்டு இடுக்கெல்லாம் தேய்க்கவேணும்?"

"எனக்கு வேறை மாதிரிச் செய்யத் தெரியாதே," என்றாள். "அரைகுறையாச் செய்திருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்கமாட்டினம் எண்டு இப்பதான் விளங்குது."

அவளின் கை மேசையில் கிடந்தது. அதைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் கோபமும் போகவில்லை.

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் என்ன பிறத்தியாளோ?"

"உங்களுக்கோ?" என்றாள். குரல் உயரவில்லை. "மூண்டு வருசத்துக்கு முந்தி ட்ராமிலை ஒரு தமிழ்ப் பிள்ளையை ரிக்கற் இல்லையெண்டு பிடிச்சு, அடையாள அட்டையும் இல்லையெண்டு பொலிஸைக் கூப்பிட்டனீங்கள். அவனை ஊருக்குத் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள். பிடிச்சதைக்கூட விடுவம். அந்தக் கதையை அஜந்தா வீட்டுப் பிறந்தநாளிலை எல்லாருக்கும் முன்னாலை சொல்லிக்காட்டினனீங்களே. அவன் எப்பிடி உங்களைப் பார்த்துச் சிரிச்சவன் எண்டு நடிச்சும் காட்டினனீங்கள். சனமும் சிரிச்சுது."

"அது விதி, உதயா. நான் செய்யாட்டில் என்ரை வேலை போயிருக்கும்."

"ஓம், விதிதான். நான் இல்லையெண்டு சொன்னனானே? அதாலைதான் சொல்லேல்லை."

அந்தப் பிறந்தநாளில் நான் சொன்ன கதைக்கு அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அப்போது அவளுக்குத் தலையிடி என்று நினைத்திருந்தேன். மூன்று வருடமாக என்னை இப்படி ஒரு ஆளாக மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். வெட்கம் என்றால் என்ன என்று அன்று குசினியில்தான் எனக்குத் தெரிந்தது.

"இப்ப சொல்லிப்போட்டன்," என்றாள். "ஒண்டே ஒண்டு. அந்த வீட்டுக்காரிக்குப் பதில் எழுதினால், நான் தனிய நிண்டு கழுவினனான், இது எங்கடை ஊர்ப் பழக்கம் எண்டு மட்டும் எழுதுங்கோ. கம்சாயினியைப் பற்றி மூச்சுக் காட்டக்கூடாது. அவளுக்குத் தலை வைக்க உலகத்திலை அந்த ஒரு அறைதான் இருக்கு. சரியோ?"

நேற்றே எழுதிவிட்டேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தேன்.

"சரி," என்றேன்.

தேத்தண்ணிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ராகவியின் அறைக்குள் போனேன். இன்னும் பதில் வந்திருக்கவில்லை. வேகவேகமாக எழுதினேன். "என் முந்தைய கடிதத்தில் தவறு நேர்ந்துவிட்டது. நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். என் மனைவி அன்று தனியாகத்தான் இருந்தார். வேறு ஒருவரும் வரவில்லை. தயவுசெய்து அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம்." கைண்ட்லி என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை என்பதை அனுப்பிய பிறகுதான் கண்டேன். எத்தனை பேருடைய பொய்யைப் பிடித்திருக்கிறேன். என்னுடைய பொய்யைப் பிடிக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஓய்வுபெற்ற பொலிஸ்காரனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசித்துக்கொண்டு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். அன்று நான் ஒருவரிடமும் ரிக்கற் கேட்கவில்லை. கூட வேலை செய்கிறவன் சுகமில்லையோ என்று கேட்டான், ஓம் என்றேன். ஒவ்வொரு இடைவேளைக்கும் கணினியைத் திறந்து பார்த்தேன். பதில் இல்லை. பதில் வராமல் இருப்பது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எத்தனை விதமாகப் பார்த்தும் விளங்கவில்லை. அந்த வீட்டுக்காரிக்கு மூட்டு வருத்தம், விசாரிக்க நேரம் இருக்காது, பேரப்பிள்ளைகள் வந்திருக்கும் என்று நானே அவளுக்காகக் காரணங்கள் கண்டுபிடித்தேன். மிஸிஸ் பார்லோவை அவள் கேட்டாலும், அந்த மனுசி பொய் சொல்லுவாள் என்று நம்பினேன். ஒரு பொய்க்காரி நன்றாகப் பொய் சொல்ல வேண்டும் என்று நான் கடவுளைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை காலை உதயா தலைமுழுகப் போன நேரத்தில் பதில் வந்தது.

"அன்புள்ள திரு. சோதிலிங்கம், உங்களிடமும் உங்கள் மனைவியிடமும் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். உங்களைப் பற்றி மனதில் மிகவும் தவறாக நினைத்துவிட்டேன். உங்கள் இரண்டாவது கடிதம் கிடைத்தபோது விடயம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. யாரையும் சங்கடப்படுத்த விரும்பாத உங்கள் நல்ல மனதை மதிக்கிறேன். முதல் கடிதத்தைப் படித்த அன்றே மிஸிஸ் பார்லோவை அழைத்து விசாரித்தேன். அவர் அழுது எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். ஒரு வருடமாக என் வீட்டின் திறப்பு முன்பின் தெரியாத ஒருவரிடம் இருந்திருக்கிறது என்பதை எண்ணினால் இன்னும் நடுங்குகிறது. என் அயலவர் பேச வேண்டியவர்களிடம் பேசினார். நேற்றுக் காலை இரண்டு வாகனங்களில் வந்து அந்தப் பெண்ணைக் கூட்டிப்போனார்கள். அவர் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. ஒரு துண்டில் நோர்வேத் தொலைபேசி எண் ஒன்றை எழுதி, யாராவது அதற்கு அழைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். நல்லதொரு குடும்பத்தை இதற்குள் இழுக்கக் கூடாது என்பதால் அழைக்கவில்லை. நீங்கள் எச்சரிக்கை செய்திராவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. என் நன்றியின் அடையாளமாக, அடுத்த வருடம் மே மாதத்தில் ஒரு வாரம் என் விருந்தினராக அந்த வீட்டில் வந்து தங்க வேண்டும் என்று அழைக்கிறேன்."

இரண்டாம் தரம் வாசிக்க முடியவில்லை. கக்கூசுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றேன். அவள் குரலை ஒரே ஒருதரம்தான் கேட்டிருக்கிறேன். சொல்லுங்கோ அக்கா என்றவளிடம் ஆர் கதைக்கிறது என்று கேட்ட ஆள் நான். வேறு ஒரு வார்த்தைகூட அவளோடு பேசவில்லை.

திரும்பி வந்து கணினிக்கு முன்னால் இருந்தேன். உதயா ஈரத்தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கையில் தொலைபேசி.

"கம்சாயினி எடுக்கிறாள் இல்லை. நேற்றுப் பின்னேரமும் அடிச்சனான், இப்பவும் அடிக்கிறன்," என்றாள். "காய்ச்சல் திரும்ப வந்திட்டுதோ தெரியேல்லை."

நான் திரையை மூடினேன்.

அவள் ஒரு அடி உள்ளே வந்தாள். "நீங்கள் அந்த வீட்டுக்காரிக்கு அவளைப் பற்றி ஒண்டும் எழுதேல்லைத்தானே?"

என்னிடம் உண்மை இருந்தது. அது வாய்வரை வந்தது. அதைச் சொன்னால் இந்த வீட்டில் நான் யார் என்பது இனி ஒருநாளும் மாறாது என்பதும் தெரிந்தது. நான் அவளுடைய கண்ணை நேரே பார்த்தேன்.

"நீர் சொன்ன மாதிரித்தான் எழுதினனான். தனிய நிண்டு கழுவினவ எண்டு."

அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மூச்சை விட்டுக்கொண்டு கிட்ட வந்து என் தோளில் கை வைத்தாள். தலையிலிருந்து தண்ணீர் என் சேட்டில் சொட்டியது.

"குறை நினையாதேங்கோ," என்றாள். "உங்களைப் போய்ச் சந்தேகப்பட்டிட்டன்."

என் பக்கத்துக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, அவள் திரும்பவும் அந்த நம்பரை அடிக்கத் தொடங்கினாள்.